ஆரஞ்சுப் பாதி

மாரெட்பள்ளி,
22 செப்டம்பர் 2024

அன்புள்ள மைதிலி அக்காவுக்கு,

ஃபெலிக்ஸ் எழுதுகிறேன். பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். நீங்களும் சங்கர் அண்ணனும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை சைனிக்புரிக்கு வந்து பார்த்தேன். மாமா கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு, "இங்க உனக்கு யாரும் இல்ல, போ" என்று பட்டாளத்துக் குரலில் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். போன வாரம் மாடி ஜன்னலில் வேதா நின்றாள். கை ஆட்டினேன். அவள் கை தூக்குவதற்குள் யாரோ திரையை இழுத்துவிட்டார்கள். அதனால்தான் இருபது நிமிஷ ஸ்கூட்டர் தூரத்துக்கு ஸ்பீட் போஸ்டில் எழுதுகிறேன்.

என் தமிழில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தெலுங்கு ஊரில், மெட்டுகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவனுக்கு அம்மா ஜெபப் புத்தகத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்த தமிழ் இது. "நீ எழுதினா பாவமன்னிப்பு கேக்கற மாதிரியே இருக்கு" என்று உங்கள் தங்கை சுபாஸ்ரீ கிண்டல் செய்வாள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. என் மகளை என்னிடம் அனுப்புங்கள். இரண்டு நாள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் அவளை உங்களிடம் விட்டுவிட்டு நாங்கள் ட்ரெக் போனோம். ஆறு வாரம் ஆகிவிட்டது. அவளுக்கு ஐந்து வயது. அம்மா இனி வரமாட்டாள் என்பதை அவளிடம் யார் சொன்னீர்கள், எப்படிச் சொன்னீர்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. பதினாறாம் நாள் காரியத்துக்கும் என்னை உள்ளே விடவில்லை. எதிர் வீட்டுக் காம்பவுண்டு ஓரமாக நின்றுவிட்டு வந்தேன்.

அன்று நடந்ததை நீங்கள் என்னிடம் நேராகக் கேட்கவே இல்லை. போலீஸில் நான் கொடுத்த எழுத்தைப் படித்திருப்பீர்கள். மறுபடியும் சொல்கிறேன். ஆகஸ்ட் பதினொன்று, காலை பதினொரு மணி இருக்கும். ஆதிலாபாத் பக்கத்துக் காட்டில் ஒரு ஓடை. போகும்போது முழங்கால் அளவு தண்ணீர், திரும்பும்போது இடுப்புக்கு மேல். மேலே எங்கோ நல்ல மழை பெய்திருக்க வேண்டும். கூட வந்தவர்கள் கடந்து முன்னால் போய்விட்டார்கள். நானும் கடந்துவிட்டேன். கடைசியாக வந்த சுபா கால் தவறி, கரையிலிருந்து ஆறேழு அடி தள்ளி ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழிகாட்டி உதவிக்கு ஓடினான்.

என் மணிக்கட்டில் நீங்கள் எங்கள் போன கல்யாண நாளுக்குப் பின்னிக் கொடுத்த கயிற்றுப் பிரேஸ்லெட் இருந்தது, நீலமும் ஆரஞ்சும் சேர்ந்தது. சின்னக் கத்தியால் பக்கிள் ஓரத்தில் முனையை நெம்பிப் பிரித்தேன். நீங்கள் சொல்வது போலவே சரசரவென்று பிரிந்து ஒன்பது அடிக் கயிறு வந்தது. ஆரஞ்சுப் பக்கத்தை என் கையில் சுற்றிக்கொண்டு நீலப் பக்கத்தை எறிந்தேன். அவள் மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டாள். இழுத்தேன். அறுந்துவிட்டது அக்கா.

நான் கையை விடவில்லை. வேதாவை அனுப்புங்கள்.

ஃபெலிக்ஸ்


சைனிக்புரி,
27 செப்டம்பர் 2024

ஃபெலிக்ஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் அப்பா கையில் சிக்கும் முன்னால் என் கைக்கு வந்தது உங்கள் அதிர்ஷ்டம். அவர் பிரிக்காமலே அடுப்பில் போட்டிருப்பார். நான் படித்தேன். படித்ததற்குப் பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியாது, அது என் சுபாவம்.

கயிறு அறுந்தது என்று வாய் கூசாமல் மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். ஊரடங்குக் காலத்திலிருந்து நாலு வருஷமாக நான் செய்வது இந்த வேலைதான். பாராகார்டு என்பது பாராசூட்டில் ஆளைத் தொங்கவிடுகிற கயிறு. மேலுறைக்குள் ஏழு இழை. இருநூற்றைம்பது கிலோ தாங்கும். அதை வளையல் மாதிரிப் பின்னிக் கையில் போட்டுக்கொண்டால், ஆபத்து என்று வரும்போது பிரித்துக் கயிறாக்கிக்கொள்ளலாம். இதைச் சொல்லித்தான் விற்கிறேன். எங்கள் மொட்டை மாடிக் கொக்கியில் கயிற்றைக் கட்டிச் சங்கர் தொங்கிக் காட்டினாரே, அந்த வீடியோவை எடுத்தது யார்? நீங்கள்தான். சங்கர் எண்பத்தெட்டு கிலோ. என் தங்கை ஐம்பத்தொன்று.

ஆகவே கயிறு அறாது. ஒன்று, கை விட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கத்தி பட்டிருக்க வேண்டும். கத்தி உங்கள் கையில்தானே இருந்தது? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், கட்டினால் ஃபெலிக்ஸைத்தான் கட்டுவேன் என்று சுபா பிடிவாதமாக நின்றபோது, "வேதக்காரப் பையன், நமக்கு ஒத்து வருமா" என்று அப்பா மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தார். "நல்ல பையன், கடைசி வரைக்கும் கைவிடமாட்டான், நான் பொறுப்பு" என்று சொல்லி அவரைச் சாப்பிட வைத்தவள் நான். அந்த வாயை இன்று அடித்துக்கொள்கிறேன்.

வேதா நன்றாக இருக்கிறாள். "டாடி எப்புடு ஒஸ்தாரு" என்று, நீங்கள் எப்போது வருவீர்கள் என்று, தெலுங்கில் கொஞ்ச நாள் கேட்டாள். இப்போது கேட்பதில்லை. அவளை என் பொறுப்பில் விடச் சொல்லி அப்பாவும் நானும் குடும்ப நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறோம். நவம்பர் பதினொன்றாம் தேதி விசாரணை. சொல்ல வேண்டியதை அங்கே சொல்லுங்கள்.

மைதிலி


மாரெட்பள்ளி,
3 அக்டோபர் 2024

அக்கா,

கோர்ட் நோட்டீஸ் வந்தது. அம்மாதான் வாங்கினாள். முப்பது வருஷம் ரயில்வே ஆபீஸில் காகிதத்தோடு குப்பை கொட்டியவள், அதை இரண்டு தடவை படித்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். நறுக்கிய வெங்காயத்தில் ஒரு வாரம் சமைக்கலாம்.

உங்கள் மேல் கோபம் வந்தது. எழுத உட்கார்ந்தால் கெட்ட வார்த்தையாக வந்தது, இரண்டு தாளைக் கிழித்தேன். ஆனால் நீங்கள் எழுதிய ஒரு வரி என்னை விடவில்லை. கத்தி என் கையில்தான் இருந்தது. அது உண்மை. நான் நெம்பியது எந்த இடம் என்று கண்ணை மூடி யோசித்துப் பார்க்கிறேன். பக்கிளுக்கு அடியில், முதல் முடிச்சுக்கு உள்ளே. நீலமும் ஆரஞ்சும் சந்திக்கிற இடமும் அதுதான். கயிறு அறுந்ததும் அங்கேதான். தண்ணீரையும் அவளையும் பார்த்துக்கொண்டேதான் நெம்பினேன். அந்த அவசரத்தில் கயிற்றின் மேல் கத்தி பட்டிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

என் கையில் மிஞ்சிய ஆரஞ்சுப் பாதியை இதோடு வைத்திருக்கிறேன். முனையைப் பாருங்கள். ஒரு ஓரம் கறுத்துக் கட்டியாக இருக்கிறது. முனைகளை லைட்டரால் சுடுவீர்களே, அந்த அடையாளமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இன்னொரு ஓரம் பிய்ந்திருக்கிறது. அது கத்தி பட்டதா, தானாகப் பிய்ந்ததா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. சுபா கையில் இருந்த நீலப் பாதி, ஆஸ்பத்திரியில் கொடுத்த பொருள்களோடு உங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கோர்ட்டுக்காகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் ஆயிரம் முனையைப் பார்த்தவர். என்மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் கயிறு விஷயத்தில் நீங்கள் பொய் சொல்லமாட்டீர்கள்.

ஃபெலிக்ஸ்


சைனிக்புரி,
14 அக்டோபர் 2024

ஃபெலிக்ஸுக்கு,

உறை வந்து ஒரு வாரம் ஆகிறது. தசரா வேலை, பதில் எழுத நேரமில்லை.

பார்த்தேன். கத்தி பட்ட மாதிரிதான் தெரிகிறது.

வேண்டுமென்று செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில் யாருக்கும் கை தவறும். அப்பாவிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். முன் கடிதத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

நீலக் கயிறு எங்களிடம் இல்லை. அவளோடு போய்விட்டது.

வேதா பள்ளிக்கூடத்தில் பதுகம்மா கொண்டாடினார்கள். அவளும் தட்டில் பூ அடுக்கிக்கொண்டு போனாள், மஞ்சள் பாவாடை கட்டிவிட்டேன். மற்றப் பிள்ளைகள் சுற்றி ஆடும்போது இவள் மட்டும் தட்டைக் கீழே வைக்காமல் நின்றாளாம். டீச்சர் சொன்னார். ராத்திரியில் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். பழகிவிட்டாள். இந்தச் சமயத்தில் இடம் மாற்றுவது அவளுக்கு நல்லதில்லை என்று டாக்டரும் சொல்கிறார்.

அன்று உங்கள் கையில் இருந்தது கல்யாண நாளுக்கு நான் கொடுத்ததுதானா? ட்ரெக் குழுவுக்காகச் செய்த பச்சை ஒன்றும் உங்களிடம் இருந்ததே? அதை ஏன் போட்டுக்கொண்டு போகவில்லை? சும்மா கேட்டேன். பதில் வேண்டாம்.

மைதிலி


மாரெட்பள்ளி,
24 அக்டோபர் 2024

அன்புள்ள மைதிலி அக்காவுக்கு,

நீங்கள் வேண்டாம் என்றாலும் சொல்கிறேன். பச்சை பிரேஸ்லெட் அலமாரியில் இருந்தது. கிளம்பும்போது சுபாதான் இதை எடுத்துக் கொடுத்தாள். ஃபோட்டோவில் நன்றாக இருக்கும் என்றாள்.

கத்திதான் என்று தெரிந்த பிறகு ஒரு விதத்தில் குழப்பம் தீர்ந்தது. இவ்வளவு நாள் உங்கள் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தேன். மாமா என்னைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியதில் என்ன தப்பு? நான் அறுத்த கயிற்றில்தான் அவள் போனாள்.

பதினொன்றாம் தேதி கோர்ட்டில் எதிர்ப்பு எதுவும் சொல்லப்போவதில்லை. வக்கீலிடம் சொல்லிவிட்டேன். சம்மதக் கையெழுத்துப் போடுகிறேன். வேதா உங்களிடமே இருக்கட்டும். மஸ்கட்டில் ஒரு வேலை வருகிறது, டிசம்பரில் போய்விடுவேன். அம்மா விசாகப்பட்டினத்தில் சித்தி வீட்டுக்குப் போகிறேன் என்கிறாள்.

சில விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குளிர் வந்தால் அவளுக்கு இடது காதில் வலி வரும், வாய்விட்டுச் சொல்லமாட்டாள், தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டே திரிவாள். அப்போது டாக்டரிடம் காட்டிவிடுங்கள். குக்கர் விசில் அடித்தால் பயம். அதற்கு முன்னால் ஒருமுறை சொல்லிவிட்டால் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சாப்பாட்டுக்கு முதலில் "நக்கோ" என்றுதான் சொல்வாள். இரண்டாவது தடவை கேட்டாலும் நக்கோதான். மூன்றாவது தடவை கேளுங்கள், "ஹவ்", சரி என்று தட்டை இழுத்துக்கொள்வாள். வேண்டாம் என்றதும் தட்டை எடுத்துவிடாதீர்கள். சுபாவும் நானும் இதை ஒரு வருஷம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம்.

அவளுக்கு என் முகம் மறந்துபோகும். போகட்டும். கேட்டால் மட்டும், அப்பா கெட்டவன் என்று சொல்லாதீர்கள். ஊருக்குப் போயிருக்கிறான் என்று சொல்லுங்கள்.

அந்த ஆரஞ்சுக் கயிற்றைத் திருப்பி அனுப்ப முடியுமா? உங்களுக்கு இனி அது தேவைப்படாது.

ஃபெலிக்ஸ்


சைனிக்புரி,
3 நவம்பர் 2024

தம்பி ஃபெலிக்ஸுக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள். இதைப் படித்து முடிப்பதற்குள் யார் வந்து எந்தத் தாளை நீட்டினாலும் போடாதீர்கள்.

கத்தி படவில்லை. நீங்கள் அனுப்பிய முனையில் கத்தி பட்ட அடையாளம் எதுவும் இல்லை. நான் பொய் எழுதினேன்.

எப்படி என்று சொல்கிறேன், பூசி மெழுகாமல். ஒரே நிறத்தில் செய்வது ஒரே கயிறு. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒட்டு கிடையாது. சங்கர் தொங்கியது அதில்தான், பச்சைக் கயிறு. இரண்டு நிறம் வேண்டுமென்றால் இரண்டு துண்டுக் கயிற்றை ஒட்ட வேண்டும். இரண்டு முனையையும் லைட்டரில் காட்டி, இளகியதும் ஒன்றோடொன்று அழுத்தி, ஈர விரலால் உருட்டிவிட்டால் ஒட்டிக்கொள்ளும். பார்க்க ஒரே கயிறு போல இருக்கும். ஆனால் ஒட்டுவது மேலுறை மட்டும்தான், உள்ளே இருக்கும் ஏழு இழையும் அந்த இடத்தில் முடிந்துபோய்விடும். அந்த ஒட்டு வெளியே தெரியாமல் பக்கிளுக்கு அடியில் முதல் முடிச்சுக்குள் மறைத்துவிடுவேன். கறுத்துக் கட்டியாக இருந்தது என்று எழுதினீர்களே, அது நான் ஒட்டிய ஒட்டு.

கையில் கிடக்கும்வரை அதற்கு ஒன்றும் ஆகாது. பிரித்து இழுத்தால் நிற்காது. இது எனக்கு முதல் நாளிலிருந்து தெரியும். ட்ரெக் போகிறவர்களுக்கு இரண்டு நிறம் தரமாட்டேன். கல்லூரிப் பிள்ளைகளுக்கும் பரிசுக்கும்தான் கொடுப்பேன், "இது அழகுக்கு மட்டும்" என்று சொல்லித்தான் கொடுப்பேன். உங்களுக்குச் சொல்லவில்லை. கேக் வெட்டிக்கொண்டிருந்தோம். பிரேஸ்லெட்டை உங்கள் கையில் மாட்டியதும் அப்பா, "இது கையில இருந்தா எமன்கூட ஒரு தடவ யோசிப்பான்" என்று பெருமையாகச் சொன்னார். எல்லோரும் கை தட்டினீர்கள். இது சும்மா அழகுக்குத்தான் என்று அந்த நேரத்தில் சொன்னால் என் பரிசு சின்னதாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அப்புறமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் மறந்தேபோனது.

மூன்றாம் நாள் அவளைக் கண்டெடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் அவளுடைய பொருள்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம்தான் கொடுத்தார்கள். வாட்ச், தோடு, நீலக் கயிறு. பையை வெளியிலிருந்து பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நீல முனையில் அதே கறுப்புக் கட்டியின் மறு பாதி இருந்தது. வீட்டுக்கு வந்து அந்த அரை அங்குலத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டேன். அவளோடு போய்விட்டது என்று எழுதினேனே, அதுவும் பொய். மிச்சக் கயிறு என் பீரோவில் இருந்தது. இதோடு உங்கள் ஆரஞ்சையும் சேர்த்து அனுப்புகிறேன்.

ஏன் என்று கேட்பீர்கள். முதலில் பயம். அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. நீங்கள் கையை விட்டுவிட்டீர்கள் என்று அவர்தான் முதலில் சொன்னார். நான் மறுக்கவில்லை. ஒரு நாள் மறுக்காமல் இருந்தேன், மறுநாள் நானே அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அதற்குப் பிறகு பயம் மட்டும் இல்லை. சங்கருக்கும் எனக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். எத்தனை டாக்டர், எத்தனை ஊசி, உங்களுக்கே தெரியும். சுபாவை எரித்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பிய அந்த மத்தியானம் வேதா என் மடியில் தூங்கிப்போனாள். இனி இவள் இங்கேதான் என்று எனக்குத் தோன்றியது. என் தங்கையைத் தீக்குக் கொடுத்த அன்றைக்கே தோன்றியது. எழுதவே கூசுகிறது. ஆனால் தோன்றியது.

நீங்கள் போன கடிதத்தில் நக்கோ பற்றி எழுதியிருந்தீர்கள். மூன்று மாதமாக அவள் முதல் நக்கோ சொன்னதுமே தட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். சாப்பிடாத பிள்ளை, துக்கத்தில் இளைத்துப்போகிறாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தீபாவளியன்று மூன்று தடவை கேட்டுப் பார்த்தேன். ஹவ் என்றாள். இரண்டு இட்லி சாப்பிட்டாள். நான் அடுப்படிக்குப் போய் நின்று அழுதேன்.

அன்றைக்கே மறுபடி ஒரு நீலத்தையும் ஆரஞ்சையும் அதேபோல் ஒட்டி, மாடிக் கொக்கியில் போட்டு, ஒரு முனையில் இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் கட்டி மறு முனையை இழுத்தேன். கேன் தரையை விட்டு எழும்பவே இல்லை. அதற்கு முன்னாலேயே பிய்ந்துவிட்டது. நீங்கள் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாலும் அது நின்றிருக்காது.

இரண்டு நிறத்தில் என்னிடம் வாங்கியவர்கள் எல்லோரும் தூக்கி எறிந்துவிடுங்கள் என்று மூன்று ட்ரெக் குழுவிலும் செய்தி போட்டேன். பாதிப் பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். ஒரு பெண், அழகாக இருக்கிறது அக்கா, நான் போட்டுக்கொள்கிறேன் என்றாள். அவளுக்கு மூன்று தடவை ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை.

மன்னிப்புக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. பிள்ளையை அழைத்துக்கொண்டு போங்கள்.

மைதிலி


சைனிக்புரி,
9 நவம்பர் 2024

ஃபெலிக்ஸ் தம்பிக்கு,

பதில் வரவில்லை. கடிதம் கிடைத்ததற்கான கையெழுத்து மட்டும் தபால் வெப்சைட்டில் காட்டுகிறது. நம்பரைத் திறந்துவிட்டு இரண்டு தடவை அழைத்தேன். எடுக்கவில்லை, அது நியாயம்தான்.

நேற்று அப்பாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இன்று காலை வக்கீலுக்கு அவரே ஃபோன் செய்து மனுவைத் திரும்பப் பெறச் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. நான் வைத்த காபியைத் தொடவில்லை, சங்கர் வேறு போட்டுக் கொடுத்தபோது குடித்தார்.

பதினொன்றாம் தேதி நீங்கள் கோர்ட்டுக்கு வரவேண்டிய அவசியம் இல்லை. பதினாறாம் தேதி சனிக்கிழமை வந்து வேதாவை அழைத்துக்கொள்ளுங்கள். துணி, பள்ளிக்கூடப் பை, காது மருந்து எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். டாடி வர்றாரு என்று சொன்னேன். எந்த கவுன் போட்டுக்கொள்வது என்று இப்போதே கேட்கிறாள்.

நீங்கள் வரும் நேரத்தில் நான் வீட்டில் இருக்கமாட்டேன்.

மைதிலி


மாரெட்பள்ளி,
24 நவம்பர் 2024

மைதிலி அக்காவுக்கு,

வேதா வந்து எட்டு நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, என் அம்மாவோடு மட்டும் பேசினாள். மூன்றாம் நாள் ஷூ மாட்டிவிடும்போது, "கைக்கு நை ஆயே" என்றாள். ஏன் வரவில்லை என்கிறாள். வந்தேன், நீதான் மாடியில் இருந்தாய் என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, சரி என்று காலை நீட்டினாள்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு வந்த கோபத்தை எழுத என் தமிழ் போதாது. கேக் வெட்டும் நேரத்தில் நீங்கள் வாயை மூடிக்கொண்டதற்காக அந்தக் கோபம் இல்லை. அது யாரும் செய்யக்கூடியது. கத்தி பட்ட மாதிரிதான் தெரிகிறது என்று அக்டோபரில் ஒரு வரி எழுதினீர்களே, அதற்காகத்தான். மூன்று வாரம் அந்த வரியோடு இருந்தேன். இரண்டு தடவை மொட்டை மாடி வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன். அம்மா எப்படியோ கண்டுபிடித்து மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். இன்னும் அங்கேதான் வைத்திருக்கிறாள்.

ஆனால் நானும் ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். போலீஸிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. வழிகாட்டி ஓடியது வண்டியில் இருந்த பெரிய கயிற்றை எடுக்கத்தான். கால் மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் அசையாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் ஓடினான். சுபா பாறையை நன்றாகத்தான் பிடித்திருந்தாள். நீலக் கயிற்றைக் கையில் முடிந்துகொண்ட பிறகும் பாறையை விடவில்லை. "அவங்க வரட்டும், எனக்கு பயமா இருக்கு" என்றாள். தண்ணீர் ஏறுகிற மாதிரி எனக்குத்தான் தோன்றியது. நான்தான் கத்தினேன். "உங்க அக்கா கட்டினது சுபா, அறாது. பாறைய விடு."

விட்டாள்.

வழிகாட்டி பத்து நிமிஷத்தில் கயிறோடு வந்து நின்றான். அந்தப் பாறை அப்போதும் தண்ணீருக்கு மேலேதான் இருந்தது.

உங்கள் பாரத்தைக் குறைக்க இதை எழுதவில்லை. குறையவும் கூடாது. நீங்கள் எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள், நான் பாதியை ஒளித்துக்கொண்டு நல்லவனாக இருப்பது சரியில்லை என்று பட்டது. மாமாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

மஸ்கட் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உங்களை மன்னிக்க என்னால் முடியவில்லை. முயற்சி செய்கிறேன் என்றுகூடச் சொல்லமாட்டேன். ஆனால் வேதா சாப்பிட உட்கார்ந்தால் கதவைப் பார்த்து "பெத்தம்மா எக்கட" என்கிறாள். பெரியம்மா எங்கே என்று தினமும் கேட்கிறாள். ஒரு வருஷத்துக்குள் அவளிடமிருந்து இரண்டாவது ஆளையும் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவோம். நீங்கள் வாருங்கள். ஆறு மணி வரைக்கும் அவளோடு இருங்கள். என்னோடு பேச வேண்டாம், அம்மா காபி கொடுப்பாள்.

என்றைக்காவது ஒருநாள் அவள் பெரியவளாகி, அம்மா எப்படிப் போனாள் என்று கேட்பாள். பாறையை விடச் சொன்னது நான் என்று அன்றைக்கு நான் சொல்லிவிடுவேன். உங்கள் பங்கை நான் சொல்லமாட்டேன். நீங்கள் வந்து அவள் முன்னால் உட்கார்ந்து, நீங்களே சொல்ல வேண்டும்.

ஃபெலிக்ஸ்